ஒரு களிம்பில் இரு மருந்து: தீவகத்துச் சருமநோய் வைத்தியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் பரந்து கிடக்கும் தீவுகள் ஒருங்கே தீவகம் என வழங்கப்படுகின்றன. ஊர்காவற்றுறையையும் வேலணையையும் தன்னகத்தே கொண்ட பெருந்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, காரைநகர் என்பன ஒன்றுக்கொன்று அணித்தாக உள்ளன. நெடுந்தீவு மட்டும் ஏனையவற்றை விட்டு விலகித் தனித்துக் கிடக்கின்றது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகர்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும் பெயர் பெற்றன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது.

தீவகத்தின் வரலாற்றை எழுதியோர் அதன் துறைமுகங்களையும் கோட்டைகளையும் கோயில்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அங்கு வாழ்ந்த மக்களின் உடல்நலம், சிறப்பாக அவர்தம் தோலைப் பற்றிய நோய்கள், அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. சொறியும் சிரங்கும் உயிரைக் கொள்வன அல்ல என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒரு சமூகம் தன் அன்றாட நோய்களை எவ்வாறு பெயரிட்டது, எம்மருந்தால் எதிர்கொண்டது, அம்மருந்து எங்கிருந்து யாரால் வந்தது என்னும் வினாக்கள் வரலாற்று மாணவனுக்கு உரியனவேயாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிருமியை அழிக்கும் அன்ரிபயோற்றிக் மருந்தையும், அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெரொயிட் மருந்தையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் உலகச் சந்தைக்கு வந்தன. சிவந்து வீங்கிச் சீழ்கட்டிய தோலுக்கு அவை ஒருங்கே இரு பணிகளையும் ஆற்றும் எனக் கருதப்பட்டது. வைத்தியர் தொலைவிலுள்ள இடங்களில் இத்தகைய மருந்தின் கவர்ச்சி மிகப் பெரிது. அதேவேளை, நோயை இன்னதெனப் பிரித்தறியாது பூசினால் அது விளைக்கும் தீங்கும் அவ்விடங்களிலேயே மிகுதி. தீவகத்துச் சருமநோய் வைத்தியத்தின் வரலாறு இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ள உதவுகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும் நோயும்

சருமநோயின் வரலாறு நீரின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதது. தீவகத்தின் நிலம் சுண்ணக்கல்லால் ஆனது. ஆறு எதுவும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழையே ஆண்டு முழுமைக்கும் ஆதாரம். அம்மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, தன்னினும் அடர்த்தி மிக்க உவர்நீரின் மீது ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போது கீழுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணற்றைக் கெடுத்துவிடும். எனவே நல்ல கிணறுகள் சிலவாகவும் உவர்க் கிணறுகள் பலவாகவும் அமைந்தன. நெடுந்தீவின் சாராப்பிட்டிக் கிணறுகள் அத்தீவு மக்களால் இன்றளவும் போற்றப்படுவதற்கு இதுவே காரணம். குடிநீரைக் குடத்தில் சுமந்து வரும் ஊரில், குளிப்பதற்கும் துணி தோய்ப்பதற்கும் நன்னீரைத் தாராளமாகச் செலவிடுதல் எளிதன்று.

நீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 1972இல் கில்பேர்ட் வைற், டேவிட் பிராட்லி, அன் வைற் ஆகிய மூவரும் கிழக்கு ஆபிரிக்காவை ஆதாரமாகக் கொண்டு வகைப்படுத்திக் காட்டினர். அசுத்த நீரைக் குடிப்பதால் வரும் நோய்கள் ஒருவகை. கழுவுவதற்குப் போதிய நீர் இல்லாமையால் பரவும் நோய்கள் மற்றொருவகை. சொறியும் தோற்புண்களும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இவற்றைக் குறைப்பதற்கு நீரின் தூய்மையைப் பார்க்கிலும் அதன் அளவே முதன்மையானது. இவ்வகைப்பாடு தீவகத்துக்கும் நன்கு பொருந்துகின்றது.

தொழிலும் இதற்குத் துணைபுரிந்தது. வலையிழுக்கும் கயிறு, மீன்முள், முருகைக்கல், பனை மட்டையின் கருக்கு என்பன கையையும் காலையும் நாள்தோறும் கீறும். கீறிய இடத்தில் உப்புநீர் படும். பின்னர் வெயிலில் உலரும். தோலின் காப்பு உடைந்த இடத்தில் ஸ்ரபிலோகொக்கசு, ஸ்ரெப்ரோகொக்கசு ஆகிய பற்றீரியாக்கள் குடியேறுகின்றன. சொறியை உண்டாக்கும் நுண்ணிய சிற்றுண்ணி வேறு வழியில் பரவுவது. ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் பிள்ளைகளிடையே அது தோலிலிருந்து தோலுக்குச் செல்லும். இரவில் சொறியச் சொறியப் புண்ணாகி, அப்புண்ணிலும் மேற்கூறிய பற்றீரியாக்கள் சேரும். இவ்வாறு வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் சிவந்த, நீர் கசியும் புண்ணுக்கு அடிப்படைக் காரணங்கள் பலவாக இருத்தல் கூடும்.

பெயரிட்டுப் பிரித்த மரபு

யாழ்ப்பாணத்துச் சித்த மருத்துவ மரபு இவ்வேறுபாடுகளை உணர்ந்திருந்தது. ஆரியச்சக்கரவர்த்திகளின் பட்டப்பெயர்களைத் தாங்கிய பரராசசேகரம், செகராசசேகர வைத்தியம் என்னும் நூல்கள் இம்மரபின் தலையாய ஏடுகளாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை இவற்றைப் பதிப்பித்து அழியாது காத்தார். கரப்பான், சிரங்கு, சொறி, படை, தேமல், கிரந்தி, குட்டம் எனத் தமிழ் மருத்துவம் சருமநோய்களைத் தனித்தனியே பெயரிட்டு வழங்கியது. குட்டத்தை மட்டும் பதினெட்டு வகையாகப் பகுத்தது.

இப்பெயர்கள் யாவும் இன்றைய மருத்துவத்தின் பெயர்களோடு ஒன்றுக்கொன்று பொருந்துவன எனக் கூறல் தவறாகும். கரப்பான் என்பது பெரும்பாலும் இன்றைய எக்சிமாவைக் குறிப்பினும், வேறு நோய்களையும் அது தழுவி நிற்கும். படை என்பது பங்கசினால் வரும் வட்டமான தடிப்பைப் பெரும்பாலும் சுட்டும். ஆயினும் படைக்குரியது வேறு, கரப்பானுக்குரியது வேறு என்ற தெளிவு பரியாரியிடம் இருந்தது. சொறிக்குக் கந்தகம் சேர்த்த பூச்சு வழங்கப்பட்டது. கந்தகக் களிம்பு சிற்றுண்ணியை அழிக்கவல்லது என்பதை மேலை மருத்துவமும் ஏற்று நெடுங்காலம் கையாண்டது. குப்பைமேனி, வேம்பு, மஞ்சள் என்பனவும் தோலுக்குரிய மருந்துகளாகக் கொள்ளப்பட்டன.

இம்மரபை முழுவதும் புகழ்ந்துரைத்தலும் வரலாற்று நேர்மையாகாது. இரசமும் பாடாணமும் சேர்ந்த சில மருந்துகள் நோயாளிக்கு ஊறு செய்யத்தக்கவை. புண்ணில் சேரும் கிருமியை நேரே அழிக்கும் ஆற்றல் இலைச்சாறுகளுக்குப் போதியதாக இருக்கவில்லை. எனினும் ஊரிலேயே வாழ்ந்த பரியாரி நோயாளியின் வீட்டையும் உறவையும் அறிந்திருந்தார். ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் அவ்வீட்டில் மற்றையோருக்கும் உண்டோ என வினவும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. சொறியைப் பொறுத்தவரை அவ்வினாவே வைத்தியத்தின் பாதியாகும்.

மேலை மருத்துவத்தின் வருகை

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவம் வேரூன்றியமை அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனோடு தொடர்புடையது. 1847இல் இலங்கை வந்த அவர், மானிப்பாயில் வைத்தியசாலையையும் மருத்துவக் கல்வியையும் நிறுவி, அறுபதுக்கு மேற்பட்ட சுதேச வைத்தியர்களைப் பயிற்றினார். 1873இல் தம் நாடு திரும்பி, 1884இல் மறைந்தார். ஆங்கிலத்தில் தொடங்கிய அக்கல்வியைப் பின்னர் தமிழுக்கு மாற்றியமையே அவருடைய பெருஞ் சாதனை. 1867இல் வெளிவந்த இரணவைத்தியம் உள்ளிட்ட பல நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் உருவாயின.

கிறீன் தமிழைத் தேர்ந்தமைக்கு ஒரு நோக்கம் இருந்தது. ஆங்கிலங் கற்ற வைத்தியன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுச் சென்றுவிடுவான். தமிழிற் கற்றவன் தன் கிராமத்தில் தங்கி மக்களுக்கு உதவுவான் என அவர் கருதினார். நோயை அறியும் திறன் நோயாளியின் ஊரிலேயே, நோயாளியின் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது இதன் உட்பொருள். தீவகம் போன்ற இடங்களுக்கு இக்கருத்து எத்துணை இன்றியமையாதது என்பது பின்வந்த நூற்றாண்டில் தெளிவாயிற்று. கிறீனுக்குப் பின் மருத்துவக் கல்வி மீண்டும் ஆங்கிலத்துக்கும் தலைநகருக்கும் சென்றது.

இரு மருந்துகள் ஒன்றான கதை

தோற்புண்களுக்குரிய வைத்தியத்தில் பெரும் மாற்றம் இரண்டாம் உலகப் போரை அடுத்து நிகழ்ந்தது. பெனிசிலினைத் தோலின் மீது பூசிய வைத்தியர்கள், அது ஒவ்வாமையை மிகுதியாகத் தூண்டுவதைக் கண்டு அம்முறையைக் கைவிட்டனர். 1949இல் அமெரிக்காவில் செல்மன் வக்ஸ்மனும் ஹியூபேர்ட் லெச்செவலியேயும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து நியோமைசினைப் பிரித்தெடுத்தனர். ஊசி மூலம் ஏற்றினால் அது சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் கெடுத்தது. ஆகவே உடலுக்குள் செலுத்தத் தகாத அம்மருந்து தோலின்மேற் பூசுவதற்குப் பெரிதும் ஒதுக்கப்பட்டது.

மற்றைய மருந்தின் வரலாறும் இதே காலத்தது. 1948இல் பிலிப் ஹென்ச், எட்வேட் கெண்டல் ஆகியோரின் முயற்சியால் மூட்டுவாத நோயாளருக்குக் கோட்டிசோன் முதன்முதலாக வழங்கப்பட்டது. 1950இல் அவ்விருவருக்கும் ரைக்ஸ்ரைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கோட்டிசோனைத் தோலிற் பூசியபோது பயன் விளையவில்லை. அதன் உறவான ஐதரோகோட்டிசோன் பயன் தருவதை 1952இல் மரியன் சல்ஸ்பேர்கரும் விக்ரர் விற்றனும் எடுத்துக்காட்டினர். 1962இல் மக்கென்சி, ஸ்ரவ்ற்றன் என்னும் இருவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். ஸ்ரெரொயிட் பூசிய இடத்தில் குருதிக் கலன்கள் சுருங்கித் தோல் வெளிறுகின்றது. எவ்வளவு வெளிறுகின்றதோ அவ்வளவு வலிமை மருந்துக்கு உண்டு. இவ்வளவுகோல் கிடைத்ததும் வலிமை மிக்க மருந்துகள் விரைந்து தோன்றின. அவற்றுள் பெற்றாமெதசோன் வலரேற்று புகழ் பெற்றது. 0.1 வீதம் பெற்றாமெதசோனும் 0.5 வீதம் நியோமைசினும் கலந்த களிம்பு ஆங்கில மருத்துவம் பரவிய நாடுகளிலெல்லாம் மருந்துக்கடைகளின் நிலையான சரக்காயிற்று.

இவ்விணைப்பின் பின்னணியில் ஒரு நியாயம் இருந்தது. ஸ்ரெரொயிட் அழற்சியைத் தணிக்கும்போது உடலின் எதிர்ப்பையும் தணிக்கின்றது. எனவே கிருமி பெருகக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. கூடவே ஓர் அன்ரிபயோற்றிக்கைச் சேர்த்தால் அவ்வச்சம் நீங்கும் எனக் கருதினர். எக்சிமா உள்ள தோலில் ஸ்ரபிலோகொக்கசு மிகுந்து காணப்படுவதை 1974இல் லைடன், மாப்பிள்ஸ், கிளிக்மன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அவருள் லைடனும் கிளிக்மனும் 1977இல் இவ்விணைப்புக்குச் சார்பாக வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டனர். ஆகவே இக்களிம்பு வெறும் வணிகத் தந்திரம் எனத் தள்ளிவிடத்தக்கதன்று. அதற்கெனக் கற்றோர் ஆதரவும் இருந்தது.

பேராசிரியர் பிபிலேயும் மருந்துக் கொள்கையும்

இணைப்பு மருந்துகளைப் பற்றிய ஐயம் உலகளாவிய கொள்கையாக வடிவம்பெறுவதற்கு இலங்கை ஆற்றிய பங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் நாட்டின் மருந்து வழங்கல் பற்றிய அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தார். அதன் வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பிபிலேயே அதன் முதற் தலைவரானார். வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயரையே வழங்குதல், தேவையற்றனவற்றையும் ஆதாரமற்ற கலவைகளையும் நீக்குதல், பல நாடுகளிலிருந்தும் விலைகோரி மொத்தமாக வாங்குதல் என்பன அக்கொள்கையின் தூண்களாகும். தனியார் துறையினர் இறக்குமதி செய்துவந்த ஏறத்தாழ 2,100 மருந்துவகைகள் ஏறத்தாழ 600ஆகக் குறைக்கப்பட்டன.

இச்சீர்திருத்தத்தைச் செலவுச் சிக்கனமாக மட்டும் நோக்குவோர் அதன் உயிர்நாடியைக் காணத் தவறுவர். ஒரு மருந்து ஏன் கொடுக்கப்படுகின்றது என வைத்தியனைச் சிந்திக்கத் தூண்டுதலும் பிபிலேயின் நோக்கமாயிருந்தது. பொதுப்பெயர் மருந்தின் உள்ளடக்கத்தை வெளிப்படுத்துகின்றது. வணிகப் பெயர் அதனை மறைக்கின்றது. குழாயின் மீது கவர்ச்சியான ஒரு பெயர் மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால், அதனுள் இரு மருந்துகள் உள்ளன என்பதையும், அவற்றுள் ஒன்று வலிமை மிக்க ஸ்ரெரொயிட் என்பதையும் வாங்குவோர் அறியார்.

1977ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. நிலையான இணைப்பு மருந்துகள் தனி மருந்துகளைவிட மேலான பயனைத் தரும் என நிறுவப்பட்டாலன்றி ஏற்கத்தக்கனவல்ல என்பது அதன் நெறி. தோல் மருந்துகளுள் பெற்றாமெதசோனும் ஐதரோகோட்டிசோனும் கிருமிக்கொல்லிக் களிம்பிலிருந்து பிரிந்து தனியே இடம்பெற்றன. அதே ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் பணியில் கயானா சென்றிருந்த பிபிலே அங்குக் காலமானார். அவ்வாண்டில் நிகழ்ந்த ஆட்சிமாற்றத்தின் பின் இலங்கையில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. தனியாரின் வணிகப் பெயர் மருந்துகள் மீண்டும் சந்தையை நிறைத்தன. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும், அதனை நீக்கி வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் மருந்துப் பதிவையும் விற்பனையையும் கட்டுப்படுத்த முயன்றன. சட்டம் எழுதப்படுதல் வேறு, கடைசி மருந்துக்கடைவரை அது சென்றடைதல் வேறு.

மறைந்து நிற்கும் நோய்

இணைப்புக் களிம்பின் தீமை யாது? நோயைத் தீர்க்காமலே அதன் தோற்றத்தை மாற்றிவிடுதல் அதன் முதற் தீமையாகும். 1968இல் ஐவ், மாக்ஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர் இருவர், படைநோயின்மேல் ஸ்ரெரொயிட் பூசியதால் அதன் வட்டமான விளிம்பு அழிந்து, வேறொரு நோய்போல் தோன்றியதை விவரித்து, மாறுவேடப் படை எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். பூசியவுடன் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், நோயாளி மகிழ்வார். பங்கசோ கீழே தடையின்றிப் பரவும். பூச்சை நிறுத்தியதும் நோய் முன்னிலும் அகன்று வெளிப்படும். மீண்டும் அதே களிம்பு வாங்கப்படும். நியோமைசின் பற்றீரியாவை மட்டுமே தாக்கவல்லது. பங்கசை அது தீண்டாது.

சொறிக்கும் இதே கதி நேர்கின்றது. ஸ்ரெரொயிட் அரிப்பை ஓரளவு தணிக்க, சிற்றுண்ணி பெருகி வீடெங்கும் பரவுகின்றது. சொறிப்புண்ணில் ஸ்ரெப்ரோகொக்கசு சேர்ந்தால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரக அழற்சி ஏற்படும். முகம் வீங்கிச் சிறுநீர் கறுத்துக் குறையும் அந்நோய், தோலில் தொடங்கிய ஒன்றின் விளைவென்பதைப் பெற்றோர் எளிதில் உணரார். சொறிக்குரிய மருந்து பென்சைல் பென்சோவேற்று, பெர்மெத்திரின் போன்றவை. அவை நோயாளிக்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே வேளையில் பூசப்படல் வேண்டும்.

மருந்தின் நேரடித் தீங்குகளும் உள. வலிய ஸ்ரெரொயிட்டை நீடித்துப் பூசினால் தோல் மெலிந்து, வரிவரியாகக் கோடுகள் விழும்; முகத்தில் நீங்காத சிவப்புப் படரும். நியோமைசின் சிலருக்குத் தொடுகை ஒவ்வாமையை உண்டாக்கும். கூடவுள்ள ஸ்ரெரொயிட் அவ்வொவ்வாமையையும் மறைத்துவிடுவதால், புண் ஆறாமைக்கு மருந்தே காரணம் என்பது தெரியாது போகும். விரிந்த திறந்த புண்களில் நியோமைசினைப் பூசினால் அது குருதியிற் கலந்து செவிப்புலனைத் தாக்கவும் கூடும். மேலும் எந்த அன்ரிபயோற்றிக்கும் மிகுந்து பூசப்படுமிடத்து, அதற்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகுகின்றன. தோலுக்கு விரும்பிப் பயன்படுத்தப்பட்ட பியூசிடிக் அமிலத்துக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கசு ஐரோப்பாவிற் பரவியமை இதற்குச் சான்று.

பாக்கு நீரிணையின் மறுகரையில் நிகழ்ந்தது இன்னும் பெரிய எச்சரிக்கையாகும். இந்தியாவில் ஸ்ரெரொயிட், அன்ரிபயோற்றிக், பங்கசுக்கொல்லி ஆகிய மூன்றும் கலந்த மலிவான களிம்புகள் வைத்தியர் சீட்டின்றித் தாராளமாக விற்கப்பட்டன. அதே காலத்தில் வழமையான மருந்துகளுக்கு அடங்காத படைநோய் அந்நாட்டிற் பெருகியது. ரெபினாவின் என்னும் மருந்தையும் எதிர்க்கவல்ல அப்பங்கசு 2020இல் தனி இனமாக விவரிக்கப்பட்டு, இந்தியாவைக் குறிக்கும் பெயரையும் பெற்றது. இன்று அது பல கண்டங்களிற் காணப்படுகின்றது. அதன் பெருக்கத்துக்கு இக்கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் எனச் சருமநோய் வைத்தியர்கள் கருதுகின்றனர். இந்திய அரசு 2016இல் 344 நிலையான இணைப்பு மருந்துகளைத் தடைசெய்ய முற்பட்டது. 2018இல் பூசும் ஸ்ரெரொயிட்டுகள் பலவற்றை வைத்தியர் சீட்டுக்குரிய அட்டவணையிற் சேர்த்தது.

ஆய்வுகள் கூறுவது

இக்களிம்புக்கு உரிய இடமே இல்லையா என்னும் வினா இயல்பாக எழும். தொற்று ஏற்பட்ட எக்சிமாவுக்கு அன்ரிபயோற்றிக்கைச் சேர்ப்பதால் ஸ்ரெரொயிட்டைத் தனியே பூசுவதைவிட மிகுபயன் உண்டா என்பதைப் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு, தெளிவான மிகுபயனைக் காணவில்லை. பிரித்தானியாவில் பிள்ளைகளிடையே நடத்தப்பெற்று 2017இல் வெளிவந்த ஆய்வும் இதே திசையைச் சுட்டியது. கடுமையற்ற தொற்றுள்ள எக்சிமாவுக்கு ஸ்ரெரொயிட்டும் தோலை மென்மையாக்கும் பூச்சும் போதுமானவையாக இருந்தன. பூசும் அல்லது உட்கொள்ளும் அன்ரிபயோற்றிக் குறிப்பிடத்தக்க நன்மையைக் கூட்டவில்லை. அழற்சி தணிந்து தோலின் காப்பு மீளும்போது பற்றீரியாவும் தானே குறைந்துவிடுகின்றது என்பதே இதன் விளக்கம். 2021இல் வெளியான பிரித்தானிய வழிகாட்டலும் உடல்நலங் குன்றாத நோயாளருக்கு அன்ரிபயோற்றிக்கை வழமையாக வழங்க வேண்டாம் எனப் பரிந்துரைத்தது.

இம்முடிவுகளை அவ்வாறே தீவகத்துக்குப் பொருத்துதல் கவனத்துக்குரியது. இவ்வாய்வுகள் எக்சிமா என வைத்தியர் கண்டறிந்த நோயாளரிடம் நடத்தப்பட்டவை. நீர் தட்டுப்பாடான, வெப்பம் மிக்க சூழலில் ஒரு புண் எக்சிமாவாக இராது சொறியாகவோ பற்றீரியாவினால் மட்டும் வந்த புண்ணாகவோ இருத்தல் கூடும். பின்னதற்கு அன்ரிபயோற்றிக் இன்றியமையாதது, ஸ்ரெரொயிட் வேண்டாதது. காய்ச்சலோ விரைந்து பரவும் சிவப்போ காணப்படின் பூச்சு மருந்தால் காலங் கடத்துதல் ஆபத்தாகும். எக்சிமா என்பது உறுதியாகி, ஓரிடத்தில் மட்டும் தொற்றும் தெளிவாகத் தெரியுமிடத்து, இணைப்புக் களிம்பைச் சில நாள்களுக்கு, இரு வாரத்தை மீறாது, வைத்தியர் வழங்குவதில் தவறில்லை. நோய் இன்னதென அறிந்தபின் மருந்தைத் தெரிதல் என்னும் ஒழுங்கே இங்கு முதன்மையானது.

தொலைவு என்னும் காரணி

இனித் தீவகத்தின் நிலையை நோக்கலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் புங்குடுதீவின் குறிகட்டுவானில் படகேறுகின்றனர். நெடுந்தீவுப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொள்வது. கடல் கொந்தளிக்கும் நாள்களில் அதுவும் நிச்சயமன்று. தீவுகளில் அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன. எனினும் சருமநோய் நிபுணரைக் காண யாழ்ப்பாண நகருக்கே செல்லல் வேண்டும். நாட்கூலியை இழந்து, படகுக்கும் பேருந்துக்கும் செலவிட்டு, அரிப்பு ஒன்றுக்காக ஒரு முழு நாளைக் கழிக்க எவரும் தயங்குவர். அந்நிலையில் எல்லாவற்றுக்கும் உதவும் எனச் சொல்லப்படும் ஒரு களிம்பைத் தேடுதல் அறியாமையன்று. அது வறியவனின் நியாயமான கணக்கு.

அரசியல் நிகழ்ச்சிகள் இத்தொலைவைப் பெருக்கின. 1990ஆம் ஆண்டின் பின் போர்ச் சூழலால் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். வடபகுதிக்கு அனுப்பப்படும் பொருள்கள்மீது விதிக்கப்பட்ட தடைகளும் கட்டுப்பாடுகளும் மருந்துகளையும் பாதித்தன. நெருங்கி வாழும் அகதி முகாம்களே சொறி விரைந்து பரவும் களங்கள் என்பது உலகெங்கும் காணப்படும் உண்மையாகும். 2022இல் நாட்டைப் பீடித்த பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. மண்ணெண்ணெய் இன்றி மீனவர் படகுகள் கரையிற் கிடந்தன. வைத்தியரை அடையும் வழி அடைபடும்போதெல்லாம், கையிலுள்ள களிம்பே வைத்தியனாகிவிடுகின்றது.

இதற்குரிய பரிகாரம் களிம்பைத் தடைசெய்தலோடு முடிவதன்று. வீட்டில் வேறெவருக்கும் அரிப்பு உண்டா, அரிப்பு இரவில் மிகுமா, விரலிடுக்கில் உள்ளதா, விளிம்பு வட்டமாக உயர்ந்துள்ளதா, முன்னர் பூசிய மருந்து யாது என்னும் சில வினாக்களால் சொறியையும் படையையும் எக்சிமாவையும் பெரும்பாலும் வேறுபடுத்தி அறிய முடியும். இவ்வினாக்களைத் தமிழிற் கேட்கத் தெரிந்த தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் மருந்தாளரும் ஒவ்வொரு தீவிலும் இருப்பின் நோயாளி கடலைக் கடக்க வேண்டிய தேவை குறையும். ஐயத்துக்கிடமான நோயாளரை மட்டும் நகருக்கு அனுப்பலாம். குழாயின் மீது மருந்துகளின் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக இருத்தலும், மாதத்துக்கு ஒரு தடவையேனும் நிபுணர் தீவுகளுக்குச் செல்லுதலும் இதனோடு சேரவேண்டியவை. எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, குளிப்பதற்கும் போதிய நன்னீர் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைத்தல் வேண்டும்.

முடிவுரை

தீவகத்துச் சருமநோய் வைத்திய வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. நோயைப் பிரித்துப் பெயரிட்ட பரியாரி, அறிவை ஊரின் மொழியில் ஊரிலேயே நிலைநிறுத்த முயன்ற கிறீன், மருந்தின் உள்ளடக்கத்தை மக்கள் அறியுமாறு வெளிப்படுத்த முயன்ற பிபிலே ஆகியோர் வேறுபட்ட காலத்தையும் கொள்கையையும் சார்ந்தவர்கள். எனினும் மருந்தைக் காட்டிலும் நோயறிவை முதன்மைப்படுத்தியமையில் அவர்கள் ஒன்றுபடுகின்றனர். இணைப்புக் களிம்போ அந்நோயறிவு இல்லாத இடத்தை நிரப்ப வந்தது. அதன் குறைகளை விஞ்ஞானம் இன்று தெளிவாகக் காட்டியுள்ளது. அவ்விடம் வெறுமையாகவே இருக்கும்வரை, ஒரு களிம்பை அகற்றினால் இன்னொரு களிம்பு அங்கு வந்து சேரும். நெடுந்தீவிலே ஒரு தாய் தன் பிள்ளையின் கையிலுள்ள புண்ணைக் காட்டி இது யாதென வினவும்போது, அத்தீவிலேயே தக்க விடை கிடைக்கச் செய்தல் நாட்டின் சுகாதாரத் துறைக்கும் கற்றோருக்கும் உரிய கடமையாகும்.